வீட்டில் போய்ச் சொல்லுங்கள்

ஈரநிலங்களைப் பற்றி மக்களுக்கு எப்படிப் பாடம் எடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. இதிலும் காலத்துக்குக் காலம் மோஸ்தர் மாறும். முன்பெல்லாம் பிள்ளைகளுக்கு எத்தனை பறவைகளின் பெயர் தெரிகிறது என்று பார்த்தார்கள். பிறகு ஏரியின் மேல் பாசம் கூடியதா என்று கேட்டார்கள். இப்போது வரும் கட்டுரைகளைப் பிரித்தால், பிள்ளைகள் கற்றதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோரை மாற்றுகிறார்களா என்பதே பேச்சு. எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. சின்ன காஞ்சிபுரத்து வாத்தியார் வீட்டுப் பெண் நான். அடுத்தவருக்குப் பாடம் சொல்லக் கசக்குமா?

பிள்ளையார்பாளையத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு ஏரிப் பாடம் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் முடிக்கும்போது, "வீட்ல போய்ச் சொல்லுங்க" என்பேன். சாயத்தண்ணீர் கால்வாய் வழியாக ஏரிக்குப் போவதைச் சொன்ன அன்று, முன்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"மிஸ், எங்க வீட்லயே பட்டுக்குச் சாயம் போடறாங்க மிஸ்."

எனக்கு உள்ளூரக் குஷி. "அப்ப நீதான் மொதல்ல சொல்லணும்" என்றேன்.

சொன்னாள். வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துப் போனேன். சிறப்பு விருந்தினர் இல்லாமல் நம் ஊரில் எது நடக்கிறது? நானும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி ஒருவரைக் கூப்பிட்டு, சால்வையும் வாங்கி வைத்திருந்தேன். கால்வாயில் சிவப்பாக ஓடிய தண்ணீரைக் காட்டி, இது எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டார். மற்ற பிள்ளைகள் விழித்தார்கள். அவள் கையைத் தூக்கி, "எங்க வீட்லேருந்து சார்" என்றாள். முதலில் கைதட்டியவள் நான்தான்.

அடுத்த வாரமே அவள் வீட்டுப் பின்கட்டுச் சாயப்பட்டறைக்குப் பூட்டுப் போட்டார்கள். அந்தத் தெருவில் அது ஒன்றுதான் பட்டறை என்றில்லை. பூட்டு விழுந்தது அங்கே மட்டும்.

பெற்றோரிடம் பேசுவதும் ஆராய்ச்சியில் ஒரு பகுதி. போகாமல் தப்பிக்க முடியவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா டீ கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவ அப்பா அவகிட்ட பேசறதே இல்ல டீச்சர். வீட்டக் காட்டிக் குடுத்துட்டான்னு சொல்லிக்கினே இருக்கறாரு. நீங்கதான் சொல்லச் சொன்னீங்கன்னு அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

ஒரே ஒரு வார்த்தை. போய் அவர் முன்னால் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கொழந்தைங்கதானே அண்ணா, ஆர்வத்துல எதையாவது சொல்லிடுதுங்க" என்றேன்.

இப்படியும் ஒரு கோழை இருப்பாளா! உள்கதவருகே அவள் பள்ளிச் சீருடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பி வந்துவிட்டேன்.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "பேரன்ட்ஸ் மாறிட்டாங்க பாருங்க, இதைவிட க்ளியரா ரிசல்ட் வேணுமா?" என்றார். சாயம் நின்றது உண்மைதான். அந்தப் பெண்ணின் அம்மா இப்போது ஐயம்பேட்டையில் இன்னொருவர் பட்டறைக்குக் கூலிக்குப் போகிறாள். அதைப் போட என் அட்டவணையில் கட்டம் கிடையாது.

பாடமெல்லாம் முடிந்த பிறகு, எவ்வளவு மனதில் நின்றிருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். அவள் முறை வந்தது.

"உங்க தெருத் தண்ணி எங்க போய்ச் சேருதும்மா?"

வகுப்பிலேயே இதற்குப் பதில் நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு எதுவுமே தெரியாது மிஸ்."