நூறு கார்க்குகளில் முப்பத்தொன்பது

சொலாஞ்ச் பெருஷோ எங்கள் ஊர் மதகின் பதிவேட்டில் எழுதிய முதல் வரி 1997 மார்ச் 10, திங்கட்கிழமைக்குரியது: "படகு இரண்டு. தண்ணீர் சரி." அன்று அவருக்கு இருபத்தாறு வயது. படகுகளை மேட்டிற்கு ஏற்றுவதும் பள்ளத்திற்கு இறக்குவதும் மதகின் வேலை. அதன் கதவுகளைத் திறந்து மூடுவது சொலாஞ்சின் வேலை. ஆண்டுக்கொன்றாக இருபத்தேழு பதிவேடுகள். முதுகலை ஆய்வுக்காக அவற்றை வரிசையாகப் படித்தபோது, ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் எவரும் கேட்காத ஒரு பட்டியலைக் கண்டேன். வியாழன் அவருக்கு விடுமுறை. அந்த நாளில் அவர் சைக்கிளில் பதினான்கு கிலோமீட்டர் மிதித்துக் கொர்வெல் ஏரிக்குச் சென்று, அங்கே நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டத்தைக் குறித்திருக்கிறார். கால்வாய்க்குத் தண்ணீர் அந்த ஏரியிலிருந்துதான் ஒரு வரத்துக்கால் வழியாக வருகிறது.

ஆண்டு விடுமுறையிலும் இதே கதைதான். ஊரார் கடற்கரைக்குப் புறப்படும்போது சொலாஞ்ச் வேறொரு கால்வாய்க்குப் புறப்படுவார். அதன் கரையோரமாக நடப்பார். அதற்குத் தண்ணீர் தரும் ஏரியைத் தேடிப் போவார். வழியில் அகழியுள்ள கோட்டை இருந்தால் சீட்டு வாங்கி உள்ளே நுழைவார். கோட்டைக்குள் சித்திரங்களையோ படுக்கையறைகளையோ அவர் பார்ப்பதில்லை. அகழியைச் சுற்றி வந்து, வழிகாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இந்தத் தண்ணி எங்க வழியா வெளிய போகுது?" பெரும்பாலான வழிகாட்டிகளுக்குப் பதில் தெரியாது. அவரே தேடிக் கண்டுபிடித்துப் படம் வரைந்து வைப்பார். அப்படி நாற்பத்தொரு கோட்டைகள்.

மதகுக்கு எதிரே விடுதி நடத்தும் ரெஜின் அவருடைய பள்ளித் தோழி. "ஏண்டி, வருஷம் பூரா தண்ணியத்தான் பாக்குற. லீவுலயும் தண்ணிதானா? உன்னைக் கட்டிக்கிட்டவன் மீனாப் பொறந்திருக்கணும்" என்பார்.

"கட்டிக்கிட்டவன் பால் லாரி ஓட்டுறான். அவனும் தண்ணி கலக்குறவன்தான், போ" என்பார் சொலாஞ்ச்.

நாற்பத்தொரு கோட்டைகளைப் பார்த்தவர், ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த மால்வோ கோட்டைக்குள் மட்டும் காலடி வைத்ததில்லை. அது தனியார் சொத்து. காவலாளி ஃபிர்மேன் உள்ளூர்க்காரர்களைப் படலைத் தாண்ட விடமாட்டார்.

2023 ஜூலை 11 அன்று கால்வாய் நிர்வாகத்தின் பொறியாளர் வல்த்தியே ஊர் மன்றத்தில் கூட்டம் கூட்டினார். முந்தைய இரு கோடைகளிலும் தண்ணீர் போதாமல் கால்வாயின் மேட்டுப் பகுதி ஆகஸ்டில் மூடப்பட்டிருந்தது. மூன்றாம் கோடையிலும் மூடினால் அப்பகுதி படகு செல்லும் வழிகளின் பட்டியலிலிருந்து நீக்கப்படும். மதகை நிரந்தரமாகக் கான்கிரீட்டால் அடைத்துவிடுவார்கள். ஏரி அன்று 2.36 மீட்டரில் இருந்தது. 1.40-ஐத் தொட்டால் மூட வேண்டும். நாளொன்றுக்கு மூன்று சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆகஸ்ட் பன்னெண்டு. என்னால வெயில அணைக்க முடியாது" என்றார் வல்த்தியே.

சொலாஞ்ச் எழுந்தார். "முசியே, 2003-ல இதவிட வெயில். அப்போ ஒரு நாளைக்கு ரெண்டு சென்டிமீட்டர்கூட எறங்கல. எங்கிட்ட கணக்கு இருக்கு."

"வரத்துக்கால் பழசு மதாம் பெருஷோ. ஏரியிலேர்ந்து உங்க மதகுக்கு வர்றதுக்குள்ள பாதிய மண்ணு குடிச்சிடுது. நாங்க ஏரி ஷட்டர இன்னும் தூக்க வேண்டியிருக்கு. ஏரி எறங்காம என்ன பண்ணும்?"

"மண்ணு குடிச்சா எந்த எடத்துல குடிக்குதுன்னு காட்டும்."

வல்த்தியே சிரித்தார். "பதினாலு கிலோமீட்டர். கண்டுபிடிச்சா சொல்லுங்க, நானே சிமெண்ட் கலக்கித் தர்றேன்."

மதகுக் கதவில் கசிவு இருந்தால், குளிர்கால அடுப்புச் சாம்பலை அதன் அருகே தூவுவது எங்கள் பக்கத்து வழக்கம். கசியும் இடம் சாம்பலை உறிஞ்சித் தானே அடைபட்டுக்கொள்ளும். ஜூலை 13, வியாழனன்று சொலாஞ்ச் இரண்டு மூட்டைச் சாம்பலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரத்துக்கால் முழுவதும் நடந்தார். நூறு நூறு அடிக்கு ஒரு கை தூவி நின்று கவனித்தார். சாம்பல் எங்கும் கரையை நோக்கி ஒதுங்கவில்லை. நீரோட்டத்தோடு நேராகப் போனது. மண் குடிக்கவில்லை.

பார்க்க முடியாத இடம் ஒன்றுதான்: மால்வோ கோட்டையின் மதிலுக்கு உட்புறம். வரத்துக்கால் மதிலின் அடியில் நுழைந்து, தோட்டத்துக்குள் முந்நூறு மீட்டர் ஓடி மறுபுறம் வெளிவருகிறது. படலுக்கு அப்பால் ஃபிர்மேன் நின்றார்.

"கொஞ்சம் உள்ள விடு ஃபிர்மேன். அகழிய ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன்."

"இங்கேர்ந்தே பாரு. ததும்பி நிக்குது. ரெண்டு வருஷமா ஒரு விரல்கட கூடல, கொறையல. நெறஞ்ச அகழி உன் தண்ணியத் திருடுதாக்கும்?"

சொலாஞ்ச் பார்த்தார். அகழி ததும்பித்தான் இருந்தது. ஆனால் அந்த வெயிலில் அடியிலிருந்த கற்கள்வரை தெரிந்தன. வீடு திரும்பியவர் நாற்பத்தொரு படங்களையும் மேசைமேல் பரப்பினார். கோடையில் பார்த்த ஒவ்வோர் அகழியின் ஓரத்திலும் "பாசி" என்று எழுதியிருந்தார். தேங்கிய தண்ணீர் ஜூலையில் பச்சையாகத்தான் இருக்கும். மால்வோவில் பாசி இல்லை. அப்படியானால் அந்தத் தண்ணீர் தேங்கவில்லை, எங்கோ போய்க்கொண்டிருந்தது.

ஜூலை 20, வியாழன். விடுதியில் சேர்ந்திருந்த ஒயின் கார்க்குகளில் நூற்றை எண்ணி எடுத்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார் சொலாஞ்ச். காலை எட்டு மணிக்கு வரத்துக்கால் மதிலுக்குள் நுழையும் இடத்தில் அவற்றை நீரில் விட்டார். அது வெளிவரும் இடத்தில் ரெஜின் முழங்காலளவு தண்ணீரில் கோழிவலையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். மதியம்வரை காத்திருந்தும் வந்தவை அறுபத்தொன்று.

"மிச்சம் முப்பத்தொம்போது எங்கடி?" என்றார் ரெஜின். "ஃபிர்மேன் பொறுக்கித் தன் புட்டிக்குப் போட்டுக்கிட்டானா?"

சொலாஞ்ச் மலைமுகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டை அந்த முகட்டின் மேலேயே நிற்கிறது. இந்தப் பக்கத்துத் தண்ணீர் பாரிஸ் வழியாக வடக்கே கடலில் சேரும். அந்தப் பக்கத்துத் தண்ணீர் மேற்கே வேறொரு கடலுக்குப் போகும்.

இருவரும் முகட்டைத் தாண்டி லுசெர் கிராமத்துக்கு இறங்கினார்கள். ஜூலையில் வறண்டு கிடக்க வேண்டிய ஓடை சலசலத்து ஓடியது. ஊரார் துணி துவைக்கும் துறைக்கு முன்னால், குப்பையைத் தடுக்கும் கம்பிகளில் சிவப்புக் கோடிட்ட கார்க்குகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. தூண்டிலோடு அமர்ந்திருந்த ஒருவர் தொப்பியை உயர்த்தினார்.

"இது உங்களுதாம்மா? காலைலேர்ந்து மெதந்து வருது. மேல யாரோ பெரிய விருந்து வெக்கிறாங்கன்னு நெனச்சேன்."

"ஓட எப்பவும் இப்படித்தான் ஓடுமா?"

"ரெண்டு வருஷமாத்தான். கோடையிலயும் வத்தல. சாமி கண்ணத் தொறந்துட்டாரு."

"சாமி இல்ல, ஃபிர்மேன்!" என்றார் ரெஜின்.

கம்பிகளில் இருந்தவை முப்பத்தேழு. இரண்டு கிடைக்கவில்லை. "காணாமற்போனவை: 2" என்று பதிவேட்டில் இருக்கிறது.

அந்த முப்பத்தேழையும் ரொட்டிக் கூடையில் போட்டு, மறுநாள் வல்த்தியேயின் மேசைமீது கவிழ்த்தார் சொலாஞ்ச். ஒன்று உருண்டு அவருடைய காப்பிக் கோப்பையில் விழுந்தது. வல்த்தியே அதை எடுத்துத் துடைத்தார், சிவப்புக் கோட்டைப் பார்த்தார், வரைபடத்தை விரித்தார். பிறகு, "மதாம், நான் சிமெண்ட் கலக்குறேன்னு சொன்னேன் இல்ல?" என்றார்.

"வேணாம் முசியே. ஃபிர்மேனோட படலத் தொறந்தாப் போதும்."

ஜூலை 25 அன்று நிர்வாகத்தின் கடிதத்தோடு வல்த்தியே, சொலாஞ்ச், ரெஜின் மூவரும் கோட்டைக்குப் போனார்கள். சொலாஞ்ச் உள்ளே நுழைந்ததும் வழக்கமான தம் கேள்வியைக் கேட்டார். ஃபிர்மேன் அகழியின் ஒரு மூலையைக் கைகாட்டினார். அகழி வரத்துக்காலிலிருந்து ஒரு வாயால் தண்ணீரை வாங்கி, மறு வாயால் அதற்கே திருப்பித் தருவதுதான் பழைய ஏற்பாடு. அந்த மறு வாயில் ஓர் ஓக் மரப் பலகை செருகியிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோட்டையைத் திருமணங்களுக்கு வாடகைக்கு விடத் தொடங்கியபோது, படங்களில் அகழி ததும்ப வேண்டும் என்று ஃபிர்மேனே செருகியது. சாண் உயரம் கூடிய தண்ணீர், மேற்குச் சுவரில் புதர் மூடிக் கிடந்த, மிகுந்த நீர் வழிவதற்கான பழங்காலக் கலிங்கு ஒன்றின் வழியாக முகட்டுக்கு அப்பால் வழிந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு கலிங்கு இருப்பது ஃபிர்மேனுக்கே தெரியாது.

அவர் முகம் சிவந்தது. யாரும் சொல்லாமலேயே முழங்கால்வரை இறங்கிப் பலகையைப் பிடுங்கினார். தண்ணீர் ஒரு கணம் தயங்கிப் பின் பேரொலியோடு வரத்துக்காலுக்குள் பாய்ந்தது. சொலாஞ்ச் இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கத்தினார். இருபத்தாறு ஆண்டுகளில் அவர் கத்தி யாரும் கேட்டதில்லை என்று ரெஜின் பின்பு எனக்குச் சொன்னார்.

"எல்லாம் சரி," என்றார் நனைந்த கால்சட்டையோடு மேலேறிய ஃபிர்மேன். "ஆகஸ்ட் பன்னெண்டு சனிக்கிழம இங்க ஒரு கல்யாணம். ஒரு சாண் கீழ எறங்கிட்டா சுவரெல்லாம் கறை தெரியும். பொண்ணு என்னை அகழியிலயே தள்ளிடுவா."

"பொண்ணையும் மாப்பிள்ளையையும் என் மதகுக்கு அனுப்பு. அங்க ததும்பும்."

ஏரி அதன்பின் நாளுக்கு இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே இறங்கியது. ஆகஸ்ட் 21 அன்று மழை வந்தபோது அளவுகோல் 1.46 காட்டியது. அந்த ஆண்டு மேட்டுப் பகுதி ஒரு நாளும் மூடப்படவில்லை. பட்டியலில் இன்றும் இருக்கிறது. லுசெரின் தூண்டிற்காரர் மட்டும் சந்தையில் சொலாஞ்சைப் பார்க்கும்போதெல்லாம், "என் ஓடையத் திருடின மகராசி வந்துட்டா" என்று தொப்பியை உயர்த்துகிறார்.

ஆகஸ்ட் 12, மதகு மூடப்பட்டிருக்க வேண்டிய அந்த நாளின் பக்கம் எனக்கு மனப்பாடம். காலை பத்தரைக்கு வந்த முதல் படகில் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும், பின்னால் துடுப்பைப் பிடித்தபடி புதுக் கால்சட்டையில் ஃபிர்மேனும் இருந்தார்கள். மதகு நிறைய நிறைய படகு மூன்று மீட்டர் உயர்ந்து, கரையில் கூடிநின்ற ஊரின் கண்மட்டத்துக்கு வந்தது. ரெஜின் தட்டு நிறைய ஒயின் கோப்பைகளோடு நின்றார். பிடுங்கிய கார்க்குகளை விருந்தினர்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் வீச, சொலாஞ்ச் மேல்கதவுகளை விரியத் திறந்தார்.

பதிவேட்டில் அன்று: "படகு முப்பத்தொன்று. தண்ணீர் சரி."