முக்கால் மணி அண்ணன்

சரக்குக் கிடங்கில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. எல்லோருக்கும் அவர் 'முக்கால் மணி அண்ணன்'. குளிர்காலம் வந்துவிட்டால், தன் வீட்டு வாசலில் நிற்கும் லாரியை விடியுமுன் கிளப்பி, நின்ற இடத்திலேயே முக்கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகுதான் கியரைத் தொடுவார். தெருவே புகையில் இருமும். அவர் மட்டும் பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் தகப்பனைப் போலக் கேபினில் உட்கார்ந்திருப்பார்.

கிடங்கு மெக்கானிக் தலைபாடாக அடித்துக்கொண்டார். "அண்ணே, டீசல் இன்ஜின் சும்மா நின்னு ஓடினா லேசுல சூடாகாது. அஞ்சு நிமிஷம் விட்டுட்டு மெதுவா ஓட்டுங்க, தானா சூடு ஏறும். கடுங்குளிர்னா முன்னாடியே ஹீட்டர் ஒயரை வீட்டுக் கரண்ட்ல சொருகி வைங்க. இன்ஜின்ல அதுக்குத்தானே ஹீட்டர் இருக்கு?"

"கரண்ட் வச்சு லாரி கிளப்புறவன் டிரைவரே இல்லப்பா!"

இந்த வீறாப்பில் தொடர்ந்து மூன்று நாள் வேலைக்குத் தாமதம். மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: நாளைக்கு ஆறு மணிக்கு வராவிட்டால் லாரி கைமாறும். யாருக்கு? அதே கிடங்கில் வேலை பார்க்கும் அண்ணனுடைய மச்சானுக்கு! பதினோரு வருஷம் ஓட்டிய லாரியை மனைவியின் தம்பியிடம் கொடுப்பதா? அன்று அவருக்குச் சோறே இறங்கவில்லை. காரணத்தை மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தார்.

மறுநாள் விறைக்கும் குளிர். வழக்கமாகப் பத்துத் தடவை முக்கி முனகும் இன்ஜின், சாவியைத் திருகியதும் கிளம்பிவிட்டது. சூடு காட்டும் முள்ளும் அப்போதே ஏறியிருந்தது. லாரிக்குத் தன் மனசு புரிந்துவிட்டது என்று அவருக்குக் கண் கலங்கியது. உடனே புறப்பட்டார். பின்னால் ஏதோ 'டப்' என்றது. காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கிடங்கு வாசலில் லாரி. மேனேஜர், மெக்கானிக், மச்சான் மூவரையும் நிற்கவைத்து, "எல்லாம் கைராசி" என்று ஆரம்பித்தார். மெக்கானிக் மட்டும் குனிந்து, லாரியின் மூக்கிலிருந்து நீண்டு கிடந்த சிவப்பு ஒயரைச் சுருட்டிக்கொண்டே போனார். மறுநுனியில், சுவரிலிருந்து பெயர்ந்து வந்த ப்ளக் பெட்டி.

"மாமா, இது அக்கா ரூம் ஹீட்டருக்குப் போட்ட எக்ஸ்டென்ஷன் ஒயராச்சே!" என்றான் மச்சான்.

மேனேஜர்கூடச் சிரித்துவிட்டார். அண்ணன் ஒதுங்கிப் போய் வீட்டுக்குப் போன் போட்டார்.

"மூணு மணிக்கே எழுந்து சொருகினேன்," என்றாள் மனைவி. "கேட்டுட்டுச் செஞ்சா விடுவீங்களா? நீங்கதான் முக்கால் மணி நேரம் நிப்பீங்களே, டீ போட்டுட்டு வந்து கழட்டிக்கலாம்னு நெனச்சேன். லாரி இருக்கா, போச்சா?"

"இருக்கு."

"அது போதும். சாயங்காலம் மறக்காம ஒயரைக் கொண்டு வாங்க. எனக்கு இங்க குளிர்ல பல்லு கிட்டிக்குது."

பதினோரு வருஷமாக இன்ஜினுக்குக் குளிருமே என்று மட்டும் கவலைப்பட்டவர், மெக்கானிக் கையிலிருந்த ஒயரை வாங்கித் தூசி தட்டி, கேபினில் தன் சீட்டுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்.