முன் ஷாஃப்ட் இல்லாத டிரக்கில் பாகூர்ப் பக்கம் ஒரு மழைக்காலப் பயணம்

"சார், உங்க வண்டி நாலு சக்கரமும் இழுக்குமா?"

2007 ஐப்பசி மழையில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கருவடிக்குப்பத்தில் என் வீட்டு வாசலில் குடையை மடக்கிக்கொண்டே சாந்தா இப்படிக் கேட்டார். நான் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பள்ளியில் அவர் பதினொரு வருடமாக வவுச்சர் ஊழியர். அதாவது, நிரந்தரம் கிடையாது, வந்த நாளுக்கு மட்டும் சம்பளம். மணி அடிப்பது, வகுப்பறை கூட்டுவது, குடிதண்ணீர் எடுத்து வைப்பது எல்லாம் அவர்தான். அந்த வாரம்தான் நிரந்தர வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்கு அவருக்குக் கடிதம் வந்திருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குள் டவுனில் உள்ள அலுவலகத்தில் இருக்க வேண்டும். அடுத்த மாதத்தோடு வயது வரம்பு முடிகிறது. இன்னொரு கடிதம் வர வழியில்லை.

அவர் ஊர் பாகூர்ப் பக்கம், ஒரு வாய்க்கால் ஓரத்தில். மழையில் மண்பாதை கெட்டுக் கிடந்தது.

"எங்க அண்ணன் இன்னிக்கே மொபெட்ல கொண்டாந்து டவுன்ல, நெல்லித்தோப்புல சித்தி வூட்ல உட்டுடறேன்னுது சார். மாடு கன்னு போடற மாதிரி நிக்குது, அத உட்டுட்டு வரவும் மனசில்ல. நீங்க காலைல வண்டி எடுத்தாருவீங்கன்னா நான் ஊர்லயே இருந்துக்குவேன்."

"இழுக்கும்மா. மிலிட்டரி வண்டியாச்சே. நீ போய் மாட்டப் பாரு" என்றேன்.

பழைய நாலு சக்கர இழுவை வண்டியை வாங்கிச் சரிசெய்து தினமும் ஓட்ட முடியுமா என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். முன்பு ஒரு முறை பதில் எழுதியபோது நல்லதை மட்டும் எழுதினேன். விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

ராணுவம் கழித்துவிட்ட ஒரு டன் டிரக் அது. முன்னால் இருவர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. ஏலத்தில் எடுத்திருந்த ஒருவரிடமிருந்து அறுபத்திரண்டாயிரத்துக்கு வாங்கினேன். சரிசெய்யப் பதினான்கு மாதமும் ஒரு லட்சத்துப் பத்தாயிரமும் ஆயின. பிரேக் முழுவதும் புதிது. மழைக்குக் கதவும் கண்ணாடியும் போட்டோம். என் மனைவிக்கு முழங்கால் வலி, அதனால் ஏறுவதற்கு ஒரு படி வைத்தோம். வேலை செய்தவர் முதலியார்பேட்டை மெக்கானிக் அந்துவான். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். அந்த வழக்கத்தில் அந்துவான் என்னை 'முசே', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்.

எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்தால் ஸ்டியரிங் கல் மாதிரி இருந்தது. டீசல் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர். சண்டே மார்க்கெட் கூட்டத்தில் ஒரு முறை திருப்புவதற்குள் தோள் கழன்றுவிடும். அந்துவானிடம் சொன்னேன்.

"முசே, நீங்க பாங்குக்கும் மார்க்கெட்டுக்கும் போறீங்க. சண்டைக்கா போறீங்க? முன் ஷாஃப்ட்ட கழட்டிடலாம். எல்லாரும் அப்டித்தான் ஓட்றாங்க."

முன் ஷாஃப்ட் என்பது இன்ஜினின் இழுவையை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு. ஓர் உதாரணம் சொல்கிறேன். சேற்றில் மாட்டிய வண்டியைப் பின்னால் இருந்து இரண்டு பேர் தள்ளுகிறார்கள், முன்னால் இரண்டு பேர் இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றினால் முன்னால் இழுப்பவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக அர்த்தம். கழற்றினோம். வண்டி லேசானது, லிட்டருக்கு ஒன்பது கிடைத்தது. முன் சக்கர இழுவையைப் போடும் லிவரையும் எடுத்துவிடட்டுமா என்று அந்துவான் கேட்டார். தளத்தில் ஓட்டை தெரியும், இருக்கட்டும் என்றேன். அது ஒரு காரணம். வண்டியைப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்தச் சிவப்புக் குமிழ் வைத்த லிவரைக் காட்டுவதில் எனக்கு ஆசை இருந்தது என்பது இன்னொரு காரணம். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பெஞ்சில் பையன் இருக்க மாட்டான். அப்படி ஆகிவிட்டது அந்த லிவர்.

சாந்தாவிடம் 'இழுக்கும்' என்றபோது நான் பொய் சொல்கிறேன் என்றே எனக்குத் தோன்றவில்லை. வாங்கியபோது இழுத்த வண்டி, அவ்வளவுதான். மனதில் அப்படியே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை 5.30க்குக் கிளம்பினேன். தூறல். மரப்பாலம், அரியாங்குப்பம் தாண்டித் தவளக்குப்பம் சந்திப்பு வந்தபோது 6.10. மீட்டரில் 13 கிலோமீட்டர். சந்திப்பில் டீ மூன்று ரூபாய், நன்றாக இருக்கும். அங்கிருந்து உள்ளே 9 கிலோமீட்டர் தார்ச்சாலை. இரு பக்கமும் நெற்பயிர் தண்ணீரில் மூழ்கி நுனி மட்டும் தெரிந்தது. தார் முடியும் இடத்திலிருந்து சாந்தாவின் வீடு ஒன்றரைக் கிலோமீட்டர். களிமண் பாதை.

அதில் பாதி தூரம் போனேன். ஒரு பள்ளத்தில் பின் சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்தன. வண்டி பக்கவாட்டில் சரிந்து வாய்க்கால் வரப்பில் சாய்ந்து நின்றுவிட்டது. மணி 6.50.

சத்தம் கேட்டுச் சாந்தாவே நடந்து வந்தார். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "கெடேரிக் கன்னு சார்! நெத்தில வெள்ளப் பொட்டு." பிறகுதான் சக்கரத்தைப் பார்த்தார். "சார், நான் அப்டியே நடந்து தார் ரோட்டுக்குப் போயிடட்டுமா? ஏழே முக்காலுக்கு ஒரு பஸ் வரும்."

"இந்தச் சேத்துல எதுக்கு நடக்கற? ஏறி உக்காரு. அஞ்சு நிமிஷம்."

அவர் ஏறி உட்கார்ந்தார். தலைமை ஆசிரியர் சொல்லி அவர் மறுத்ததில்லை. நான் கிளட்சை மிதித்து அந்தச் சிவப்பு லிவரைப் பிடித்து இழுத்தேன். உள்ளே கியரின் பல்லோடு பல் சேரும் 'டக்' சத்தம்கூடச் சரியாகக் கேட்டது. அந்த நொடியில்தான் ஷாஃப்ட் இல்லை என்பது எனக்கு முழுதாக நினைவு வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். மணி ஏழுதான். பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. சொல்லவில்லை. சக்கரத்துக்கு அடியில் வைக்கோல் போட்டேன், தென்னமட்டை போட்டேன், கல் போட்டேன். வண்டி இன்னும் இறங்கியது. 7.40க்குத் தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சாந்தா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

8.50க்கு அவருடைய அண்ணன் முருகையன் ஒரு டிராக்டரை அழைத்து வந்தார். கயிறு கட்டுவதற்காக டிராக்டர்காரர் வண்டிக்கு அடியில் குனிந்தார். குனிந்தவர் அப்படியே சிரித்துவிட்டார்.

"யோவ் முருகையா, இங்க வந்து பாரு. முன்னாடி ஷாஃப்ட்டே இல்ல! எங்க ஊட்டு மாட்டு வண்டிகூட இதுக்கு மேல இழுக்கும்."

முருகையன் சிரிக்கவில்லை. "நேத்தே மொபெட்ல போவலாம்னு சொன்னேன். வாத்தியாரு வண்டி வருதுன்னுட்டா" என்று தங்கையைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்க்காமல்.

வண்டி வெளியே வரும்போது 9.25. தவளக்குப்பத்தில் சாலையில் தண்ணீர், ஒரு பக்கம் மட்டும் விட்டார்கள். அந்த வரிசையில் நிற்கும்போது சாந்தாவிடம் சொன்னேன். "ஷாஃப்ட்ட கழட்டச் சொன்னது நான்தாம்மா. எனக்குத் தெரியும்."

அவர் அந்தச் சிவப்புக் குமிழைக் காட்டினார். "தெரிஞ்சா அப்ப ஏன் சார் அந்தக் கம்பியப் புடிச்சு இழுத்தீங்க?"

முப்பத்து மூன்று வருடம் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். வரிசை நகர்ந்தது, கியரைப் போட்டேன்.

அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது 10.55. சரிபார்ப்பு முடிந்து பட்டியல் மேலதிகாரிக்குப் போய்விட்டது என்றார்கள். சாந்தாவை உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே போய்ப் பேசினேன். மழையைச் சொன்னேன், பாதையைச் சொன்னேன், தவறு என்னுடையது என்றும் சொன்னேன். அங்கிருந்த எழுத்தர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"சார், நீங்க ஹெட்மாஸ்டரா இருந்தவரு. பரீட்சைக்கு ஒரு மணி நேரம் லேட்டா வந்தா உள்ள உடுவீங்களா?"

அரை மணி தாமதமாக வந்தவர்களையே நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெளியே வந்தேன். சாந்தா சேறு காய்ந்த கால்களோடு எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சான்றிதழ்களை மறுபடி பிளாஸ்டிக் பையில் சுற்றினார். மேலும் இரண்டு முறை மனு எழுதிக் கொடுத்தேன். பலன் இல்லை.

இன்றும் அவர் அதே பள்ளியில் வவுச்சர் ஊழியர்தான். என்மேல் கோபம் காட்டியதே இல்லை. வழியில் பார்த்தால், "மழ வருது சார், வண்டிய எடுக்காதீங்க" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அதற்குப் பிறகு ஷாஃப்ட்டைத் தேடினேன். அந்துவான் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார். வேறு ஒன்று கிடைக்க நான்கு மாதமும், பொருத்துவதோடு சேர்த்து ஒன்பதாயிரத்து ஐந்நூறும் ஆயின. ஸ்டியரிங் மறுபடி கல் ஆகிவிட்டது. ஓட்டுகிறேன்.

பாகூர்ப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு: தை, மாசியில் போங்கள், பாதை காய்ந்திருக்கும், ஏரியில் தண்ணீரும் இருக்கும். மழையில் போயே ஆக வேண்டுமென்றால் கயிறு, இரண்டு பலகை, ஒரு மண்வெட்டி வேண்டும். மண்பாதை தொடங்குமுன் அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேளுங்கள். நேரத்துக்குப் போக வேண்டியவர் யாராவது கூட இருந்து, பஸ் பிடிக்கிறேன் என்றால், உடனே இறக்கி விடுங்கள்.

பழைய டிரக் வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே இதைச் செய்து பாருங்கள்: வண்டியை மணலில் நிறுத்தி, ஒருவரை வெளியே தள்ளி நிற்கச் சொல்லி, நாலு சக்கர லிவரைப் போட்டுக் கிளப்புங்கள், முன் சக்கரமும் மணலை வாரி இறைக்கிறதா என்று அவரைக் கேளுங்கள்.