இங்கிலீஷ்ல ஒரு சாவுச் சேதி

எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் ரெண்டாம் தாள்னா எல்லாருக்கும் கொண்டாட்டம். யோசிக்கவே வேணாம். லீவ் லெட்டர் ஒண்ணு, தெருவிளக்கு எரியலைன்னு ஆபீசருக்கு ஒண்ணு, சுற்றுலா போறதுக்கு நோட்டீஸ், பரிசு வாங்கின சிநேகிதனுக்கு வாழ்த்து, பழைய சைக்கிள் விக்கிறதுக்கு விளம்பரம். வாத்தியார் போர்டுல எழுதிப் போடுவாரு, நாங்க உருப்போடுவோம். ஃப்ரம் எங்க வரணும், டு எங்க வரணும், தேங்கிங் யூ எந்த ஓரத்துல வரணும், இதுக்குத்தான் மார்க். உள்ள என்ன சேதி இருக்குன்னு ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. பரீட்சையில சொந்தப் பேரு எழுதக் கூடாதுங்கறதால ஃப்ரம்ல எக்ஸ் எக்ஸ் எக்ஸ்னு போடணும், ஊருக்கு ஒய் ஒய் ஒய். நான் படிச்ச காலத்துல எழுதின அத்தனை லெட்டரும் அந்த எக்ஸ் எக்ஸ் எக்ஸ் எழுதினதுதான்.

லீவ் லெட்டர்ல காய்ச்சல் மட்டும்தான் வரும். நாத்துப் பறிக்கப் போனாலும் காய்ச்சல், வேளாங்கண்ணிக்கு நடந்து போனாலும் காய்ச்சல், சித்தி கல்யாணத்துல பந்தி பரிமாறப் போனாலும் அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்தான். வாத்தியாருக்குத் தெரியாதா என்ன? கையில மருதாணியோட வந்து நிக்கிற பொண்ணு காய்ச்சல்னு நீட்டுனா, அவரும் சிரிக்காம கையெழுத்துப் போடுவாரு. எழுதினவங்களுக்கும் அது பொய்யின்னு தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும், யாருக்கும் வருத்தமில்ல. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொல்வாங்க. எங்க சுரைக்காய் குழியில தள்ளும்னு அப்ப யாரும் சொல்லல.

ஐடிஐ முடிச்சிட்டு வெல்டரா சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போனேன். அப்பா நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போதே தவறிட்டாரு. வீட்டுல அம்மாவும் தங்கச்சியும். நிலத்தையும் எங்களையும் பெரியப்பாதான் பாத்துக்கிட்டாரு. நான் ஒரே பையன். கிளம்புற அன்னைக்கு அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சு, "எங்க வேணா போடா, எனக்குக் கொள்ளி வைக்க மட்டும் வந்துடு." அதுக்கென்ன இப்ப, நல்ல நேரத்துல வாயைப் பாருன்னு திட்டிட்டு பஸ் ஏறினேன். சிங்கப்பூர்லேருந்து திருச்சிக்கு பிளைட் ஏறினா நாலு மணி நேரம்தான், கும்பகோணத்துலேருந்து மெட்ராஸ் போறதை விடக் கிட்ட, அப்படின்னு ஒரு தெம்பு.

நிஜமான இங்கிலீஷை அங்கதான் படிச்சேன். எல்லாம் ரெண்டு வரி, மூணு வரி. மெஷின்ல தொங்குற சிவப்பு அட்டையில டு நாட் ஆப்பரேட்னு இருந்தா, உள்ள ஆள் இருக்கான், கை வச்சா செத்துருவான்னு அர்த்தம். டேங்குக்குள்ள இறங்கற வழியில ஒரு போர்டு, சிலிண்டர் கழுத்துல ஒரு லேபிள், தங்குற இடத்துல தண்ணி எப்ப நிக்கும்னு ஒரு நோட்டீஸ். முதல் மாசம் ஒவ்வொண்ணையும் போன்ல படம் புடிச்சு, ரூம்ல இருந்த புதுக்கோட்டைக்காரர்கிட்ட கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணினேன். அதுக்கப்புறம்தான் ஒண்ணு உறைச்சுது. இங்க எழுதினது எழுதினதுதான். தண்ணி நிக்கும்னா நிக்கும். எங்க ஊர் உரக்கடையில யூரியா இருப்பு உள்ளதுன்னு போர்டு தொங்கும். அதைப் படிச்சிட்டு எவனாவது சாக்கோட போவானா? கடைக்காரர் மூஞ்சியைப் பாத்துத்தான் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்குவோம். அந்தப் புத்தியை மூட்டை கட்டி வைக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

ஒரு மார்கழி மாசம், காலையில வேலைக்கு பஸ் ஏறப்போற நேரத்துல போன்ல மெசேஜ். பெரியப்பா அனுப்பியிருந்தாரு. ஆபீஸ்ல காட்டணும்ல, அதனால இங்கிலீஷ்லயே போட்டிருந்தாரு. மதர் சீரியஸ். அட்மிட்டடு இன் ஹாஸ்பிட்டல். ஸ்டார்ட் இமீடியட்லி.

படிச்ச உடனே நான் ரோட்டுலயே உக்காந்துட்டேன். அம்மா செத்துப்போச்சு. எங்க பக்கத்துல பொறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்ல. தூரத்துல இருக்கிற பிள்ளைக்குச் சாவுன்னு சொல்ல மாட்டாங்க. வழியில நெஞ்சு வெடிச்சிடுமாம், தனியா அழுவானாம், வண்டியில விழுந்துருவானாம். தந்தி இருந்த காலத்துலேருந்தே சீரியஸ், உடனே கிளம்பு, அவ்வளவுதான். வந்து வாசல்ல பந்தலைப் பாத்துத் தெரிஞ்சுக்கணும். நிஜமாவே ஆஸ்பத்திரியில இருந்தா பெரியப்பா மெசேஜ் போட மாட்டாரு, போன் போட்டு டாக்டரைத் திட்டுவாரு. அந்த மெசேஜுல ஆஸ்பத்திரி எங்கேயும் கிடையாது. இருந்ததெல்லாம் எங்கம்மா பொணம்தான்.

அழுதுகிட்டே ஆபீசுக்கு ஓடினேன். அங்க ஒரு சீன அம்மா உக்காந்திருந்தாங்க. கெட்டவங்க இல்ல. சேர் போட்டு உக்கார வச்சு, தண்ணி குடுத்து, மெசேஜை ரெண்டு தடவை படிச்சாங்க. கவலைப்படாதே, ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்கல்ல, நல்லாப் பாத்துக்குவாங்கன்னாங்க. ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு லெட்டர் வாங்கி அனுப்பச் சொல்லு, இந்த வார வேலை முடியட்டும், லீவு போடலாம்னாங்க. நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல, இல்ல மேடம், அம்மா இறந்துட்டாங்கன்னேன். அவங்க போனைத் திருப்பி என்கிட்டயே காட்டினாங்க. எங்க எழுதியிருக்கு?

எங்கன்னு காட்டுவேன்?

லீவு இல்லாம கிளம்பினா பெர்மிட் போயிடும், திரும்பி வர முடியாது. வெளிய வந்து பெரியப்பாவுக்கு போன் போட்டேன்.

"பெரியப்பா, அம்மா போயிடுச்சுன்னு எனக்குத் தெரியும். அதை அப்படியே இங்கிலீஷ்ல எழுதி அனுப்புங்க. இல்லேன்னா விட மாட்டேங்கிறாங்க."

"என்னடா பேச்சு இது, வாயைக் கழுவு! ஊசி போட்டிருக்காங்க, தூங்குது. நீ பதறாம கிளம்பி வா."

அவரு அதைச் சொல்லிக்கிட்டிருக்கும்போதே பின்னால தப்பு அடிக்கிற சத்தம் கேக்குது. சங்கு ஊதறது கேக்குது. யாரோ பொம்பளை என் பேரைச் சொல்லி ஒப்பாரி வைக்கிறா.

"அது என்ன சத்தம் பெரியப்பா?"

"பக்கத்துத் தெருவுல சாமி புறப்பாடு."

மார்கழி மாசம், பட்டப்பகல்ல, சாமிக்கு ஒப்பாரி! சிரிப்பு வந்துச்சு எனக்கு. சத்தியமா வந்துச்சு. அப்புறம் கத்தினேன். பெத்த பிள்ளை கெஞ்சுறேன், அம்மா செத்துடுச்சுன்னு எழுதுங்கன்னு கெஞ்சுறேன், ஈவு இரக்கம் இல்லையா உங்களுக்குன்னு கத்தினேன். அவரும் அழுதாரு. ஆனா எழுத மாட்டேன்னுட்டாரு. "அந்த வார்த்தையை என் கையால உனக்கு எழுத முடியாதுடா" ன்னு போனை வச்சிட்டாரு.

தங்கச்சிக்குப் போட்டேன். அவ எடுக்கல. நாலஞ்சு தடவைக்கு மேல போட்டதும் எடுத்தா, எடுத்ததுமே உடைஞ்சிட்டா. "அண்ணே, அம்மா போயிடுச்சுண்ணே. பெரியப்பா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருண்ணே." சரி, அதையே இங்கிலீஷ்ல அனுப்புடான்னேன். பன்னெண்டாவது வரைக்கும் படிச்ச பொண்ணு. "எப்படிண்ணே எழுதறது? அது எங்களுக்குப் பாடத்துல வரலையே"ங்கிறா. வரலைதான். சைக்கிள் விக்க இங்கிலீஷ் இருந்துச்சு, அம்மா செத்தா சொல்றதுக்கு இல்ல. நானே எழுதினேன். மை மதர் டெட். ஐ ஆம் ஒன்லி சன். எக்ஸ் எக்ஸ் எக்ஸ் இல்லாம நான் எழுதின முதல் லெட்டர்.

சீன அம்மா அதையும் படிச்சிட்டு, பாவமா என்னைப் பாத்தாங்க. காலையில ஆஸ்பத்திரின்னே, இப்ப இறந்துட்டாங்கங்கிறே, எதை நான் மேல அனுப்புறது, ஏதாவது ஒரு அத்தாட்சி குடுன்னாங்க. அவங்க மேல என்ன தப்பு? எழுதினதை நம்புறவங்க அவங்க.

கடைசியில தங்கச்சி ஒரு போட்டோ அனுப்பினா. முச்சந்தியில கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். அம்மா படம், சுத்தி ரோஜாப்பூ, தேதி, எத்தனை மணிக்கு எடுக்கிறாங்கங்கிற வரைக்கும் அச்சடிச்சிருக்கு. கீழ ஆழ்ந்த துயரத்தில்னு போட்டு, வரிசையா எங்க படம். முதல் படம் நான்தான், கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு. காலையிலேயே கட்டிட்டாங்களாம். பஸ்ஸுல போற வர்றவனெல்லாம் எங்கம்மா செத்ததைப் படிச்சிருக்கான், அதுக்கு நான் ஆழ்ந்த துயரத்துல இருக்கேங்கிறதையும் படிச்சிருக்கான். எனக்கு மட்டும் அட்மிட்டடு இன் ஹாஸ்பிட்டல். அடப்பாவிகளா.

படத்தைப் பாத்ததும் ஆபீஸ் அம்மா எழுந்து நின்னுட்டாங்க. சாரி சாரின்னாங்க. லீவும் குடுத்தாங்க, டிக்கெட்டும் போட்டாங்க. ஆனா அன்னைக்கு பிளைட் போயிடுச்சு, மறுநாள்தான். ஊர்ல மழை தூறிக்கிட்டிருக்கு, பொணம் எடுக்கிற வரைக்கும் தெருவுல யாரும் அடுப்பு மூட்ட மாட்டாங்க, பச்சைப்புள்ளைங்க எல்லாம் பசியில கத்துதுன்னு ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்களாம். பொழுது சாயறதுக்குள்ள எடுத்துட்டாங்க. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அவருதான் எங்கம்மாவுக்குக் கொள்ளி வச்சாரு. நான் போய் வெண்ணாத்தங்கரையில நின்னப்ப சாம்பல் வெதுவெதுன்னு இருந்துச்சு. பக்கத்துல யாரோ, "புள்ளை பாவம், லீவு கிடைக்கலையாம்"னாங்க.

பால் தெளிச்சிட்டு வீட்டுக்கு வந்து உக்காந்தா, போன்ல கம்பெனி மெசேஜ். முதல்ல ஆஸ்பத்திரின்னு பதிஞ்சதை யாரும் மாத்தல போலிருக்கு. உங்கள் தாயார் விரைவில் குணமடைய வாழ்த்துகிறோம்னு இங்கிலீஷ்ல வந்திருந்துச்சு. வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சுறதுன்னா இதுதான். பெரியப்பா எட்டிப் பாத்து, "என்னடா எழுதியிருக்கான்?"னாரு. உங்க லெட்டருக்குப் பதில் போட்டிருக்கான்னேன். அவருக்குப் புரியல. இல்ல, புரியாத மாதிரி இருந்துட்டாரு. அந்தக் கோவம் எனக்கு அவரு இருக்கிற வரைக்கும் தீரல. பொங்கலுக்குப் போய் கால்ல விழுவேன், திருநீறு பூசிக்குவேன். மனசு மட்டும் போகாது.

சிங்கப்பூரை முடிச்சிக்கிட்டு ஊருக்கே வந்துட்டேன். கொள்ளி வச்ச அண்ணன் துபாய் போனாரு. போன தாளடி அறுப்பு சமயத்துல பெரியப்பா, களத்துல நெல் காயப் போட்டுக்கிட்டிருந்தவரு, அப்படியே சாஞ்சாரு, அதோட உயிரும் போயிடுச்சு. வீட்டுல கூட்டம் கூடிடுச்சு. எல்லாரும் என் பக்கம்தான் திரும்பினாங்க, "உனக்குத்தான் இங்கிலீஷ் வரும், அவனுக்கு ஒரு மெசேஜ் போடு, சீரியஸ்னு போடு." நான் போட்டேன். அப்பா இன்று காலை இறந்துட்டாரு, நாளை மாலை நாலு மணிக்கு எடுக்கிறோம், உடனே வான்னு நல்ல இங்கிலீஷ்ல, தெளிவா போட்டேன். எட்டிப் பாத்த தங்கச்சி ஐயோன்னு வாயைப் பொத்திக்கிட்டா. பெரியம்மா மண்ணை வாரி என் மேல தூத்துச்சு. "நீ நல்லா இருப்பியாடா, எம் பிள்ளை அங்க தனியா கிடந்து துடிப்பானே!" துடிக்கட்டும், கொள்ளி வைக்க வருவாருல்லன்னு நின்னேன். துபாய் ஆபீஸ்ல ஒரு கேள்வி கேக்கல. அண்ணன் நேரத்துக்கு வந்தாரு, மொட்டை போட்டாரு, பெத்தவருக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செஞ்சாரு.

கருமாதி முடிஞ்சு கிளம்புற அன்னைக்கு நான்தான் அவரைத் திருச்சிக்குக் கொண்டு போய் விட்டேன். ஏர்போர்ட்டுல இறங்கி, பெட்டியை எடுத்துக்கிட்டு, என் முகத்தைப் பாக்காமக் கேட்டாரு.

"நேரத்துக்கு வந்துட்டேன், எல்லாம் சரி. சீரியஸ்னு போட்டிருந்தா, பிளைட்டு இறங்குற வரைக்குமாவது எங்கப்பா எனக்கு இருந்திருப்பாருல்லடா?"

அவரு உள்ள போயிட்டாரு. அவரு கேட்டது துபாய்லேருந்து பறந்து வர்ற நாலு மணி நேரம். எனக்கு ஒரு நாள் முழுசா குடுத்திருந்தாங்க. அந்த நாள் பூரா நான் எங்கம்மா செத்துடுச்சு, செத்துடுச்சுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயா நிரூபிச்சுக்கிட்டு அலைஞ்சேன்.