கோபம் பார்த்துச் சீனி சொன்னவள்

மகள் கனடாவிலிருந்து டெலிபோன் எடுக்கும்போதெல்லாம் இப்போது ஒரே கதைதான். கையில் கட்டுகிற மணிக்கூடு மாதிரி ஒன்று வரப்போகிறதாம். ஊசி குத்தத் தேவையில்லை, ஒரு சொட்டு இரத்தம் வேண்டாம், தோலுக்குள் வெளிச்சம் அடித்தே உடம்பில் சீனி எவ்வளவு என்று சொல்லிவிடுமாம். வந்த உடனே எனக்கு ஒன்று வாங்கி அனுப்புவாளாம். எனக்கும் சலரோகம், அதுதான் இந்தச் சீனி வருத்தம், வந்து ஏழு வருடமாகிறது. வேண்டாம் பிள்ளை என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அம்மாவுக்குப் புதுச் சாமான் என்றால் பயம் என்று அவள் நினைக்கிறாள். நினைக்கட்டும். ஊசி குத்தாமல் சீனி பார்க்கிற மெஷின் ஒரு காலத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அது நான்தான். அந்தக் கதையை அவளுக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை.

அது யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடியில் இருந்தோம். மகள் கலியாணம் முடித்துப் போன பிறகு வீட்டில் நானும் என் மனுசனும்தான். இவர் கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்கு வரும் சாமான்களை எடுத்துக் கொடுக்கும் ஒரு கந்தோரில் டைப் அடிப்பவர். மூன்று நேரமும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடவேண்டும். மத்தியான ஊசியைப் பையில் வைத்துக் கொண்டுபோவார். விரலில் குத்திச் சீனி பார்க்கும் மெஷின் ஒன்றை மகள் அனுப்பியிருந்தாள். ஆனால் நாள் முழுக்க டைப் அடிக்கிற விரல் அல்லவா? குத்தின இடம் டைப்ரைட்டர் கட்டையில் பட்டால் உயிர் போகிறது என்பார். ஸ்ட்ரிப்பும் கொழும்பில் யானை விலை. அதனால் கிழமைக்கு ஒருக்கால்தான் குத்துவது. மற்ற நாளெல்லாம் என் கண்ணை நம்பியே ஓடியது.

சீனி கூடினால் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பார். அதை ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். ஊசி போட்டுச் சாப்பிடப் பிந்தி, சீனி இறங்கினால்தான் ஆபத்து. இறங்கும்போது இவருக்குக் கோபம் வரும். செருப்பு ஏன் இந்தப் பக்கம் பார்க்கிறது, யன்னலை யார் திறந்தது என்று தொடங்கும். மற்ற நேரத்தில் இருக்கிற இடம் தெரியாத மனுசன். நான்தான் வாய்க்காரி, எங்கள் வீட்டில் சத்தம் கேட்டால் அது என் சத்தம்தான். அதனால் இவர் குரல் உயர்ந்தால் எனக்கு உடனே விளங்கிவிடும். அரைக் கிளாஸ் தண்ணீரில் மூன்று கரண்டி சீனியைக் கரைத்து நீட்டுவேன். பத்து நிமிடத்தில் பச்சைப்பிள்ளை மாதிரி ஆகி, நான் ஏதும் கத்தினேனா என்று கேட்பார். எப்போதாவது குடிக்க முன் மெஷினில் பார்த்தால் நான் சொன்னது சரியாக இருக்கும். எங்கள் டொக்டர் இதைக் கேட்டுவிட்டு, இனி மனுசியையே கையில் கட்டிக்கொண்டு திரியுங்கோ என்று பகிடி விட்டார்.

எனக்குத் தலைகால் தெரியவில்லை. கோயிலில் சொன்னேன், கலியாண வீடுகளில் சொன்னேன், எங்கள் மாடி முழுக்கச் சொன்னேன். இவருக்குக் கோபம் வந்தால் சீனி இறங்கிவிட்டது என்று அர்த்தம், வேறொன்றுமில்லை என்பேன். பிறகு இவர் எங்காவது குரலை உயர்த்தினால் போதும். பேச்சு நாட்டு நிலைமையாக இருக்கட்டும், மொட்டை மாடித் தண்ணீர்த் தாங்கியாக இருக்கட்டும், யாராவது ஒரு டொஃபியை நீட்டுவார்கள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். இவரும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்வார். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் உற்றுப் பார்க்கவில்லை.

ஒருநாள் பின்னேரம் வேலையால் வந்தார். சேர்ட் நனைந்திருந்தது, கை நடுங்கியது. வாசலில் கிடந்த, கூட்டுகிற தும்புத்தடியைக் காலால் எத்தினார். கதவைத் திறக்க இவ்வளவு நேரமோ, செத்துக் கிடந்தனீரோ என்று கத்தினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரே குசினிக்குப் போய்ச் சீனியைக் கரைத்துக்கொண்டு வந்தேன். முதலில் இதைக் குடியுங்கோ, பிறகு ஆறுதலாகக் கத்தலாம் என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அதுதான் இன்றைக்கும் சுடுகிறது.

கிளாஸைத் தட்டிவிடுவார் என்று பார்த்தேன். இல்லை, வாங்கி மேசையில் வைத்தார். அலுமாரியைத் திறந்து மெஷினை எடுத்தார். விரலில் குத்தும்போது கண்ணை இறுக்கி மூடுகிற மனுசன், அன்றைக்கு என்னைப் பார்த்தபடியே குத்தினார். இருநூற்றுப் பதினான்கு. மெஷினை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பாரும். சீனி இறங்கேல்லை. நான் கோவமாத்தான் வந்தனான். எனக்குக் கோவம் வரக்கூடாதோ?"

பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். கொச்சிக்கடைக்குக் கிட்ட ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், பையில் ஊசி. தன் சீனி வருத்தத்தைச் சிங்களத்தில் விளங்கப்படுத்தியிருக்கிறார். என்னுடையதைவிட நூறு பங்கு நல்ல சிங்களம் அது. சோதித்த பொடியன் நம்பவில்லை. போதைத்தூள், குடு அடிக்கிறவனோ என்று கேட்டு, சேர்ட்டைத் தூக்கச் சொல்லியிருக்கிறான். நடு ரோட்டில், கந்தோர்ப் பிள்ளைகளும் பஸ் சனமும் பார்த்துக்கொண்டு நிற்க, வயிற்றில் ஊசி குத்தின அடையாளங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாராம். எங்கள் மகளைவிட வயது குறைந்தவன், டேய் என்கிற மாதிரிச் சிங்களத்தில் உம்ப என்றுதான் கூப்பிட்டானாம்.

ஐயோ, அந்தக் கோபத்துக்குத்தான் நான் சீனி கரைத்தேன். ரோட்டில் அதைக் காட்டினால் ஆள் வீடு வந்து சேராது. கந்தோரில் காட்டினால் வேலை போகும். வீட்டில் என்றாலும் காட்டலாம் என்று மூன்று மாடி ஏறித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். மகள் சொல்லும் மணிக்கூட்டை நினைத்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். விரல் நோகாது என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. அது சீனியை மட்டும் பார்க்கும், மனுசனுடைய கோபத்தை மனுசனிடமே விட்டுவிடும். எனக்கு அப்படி விடத் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். அன்றைக்குப் பிறகு இவர் கோபப்படவே இல்லை. சோறு குழைந்தாலும் சரி, நான் வாய் ஓயாமல் கரைச்சல் கொடுத்தாலும் சரி, ஒரு சின்னச் சிரிப்போடு போய்விடுவார். கோபம் ஏறி வருகிறபோது பல்லைக் கடிப்பது ஒன்றிரண்டு தரம் தெரிந்தது. கேட்டால், ஒன்றுமில்லை என்பார். அப்பா நல்லாச் சாந்தமாகிவிட்டார் என்று மகளுக்குச் சந்தோஷம். எனக்கும்தான் சந்தோஷம், மடைச்சி எனக்கு.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வழக்கம்போல இன்சுலினைப் போட்டுவிட்டு இவர் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார். சோறு பாதி வேகும்போது காஸ் முடிந்துவிட்டது. கீழ் வீட்டில் ஒரு சிலிண்டர் மேலதிகமாக இருந்தது, ஆனால் அவர்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பிஸ்கட் தரட்டுமா என்று கேட்டேன். பசியில்லை, நீர் அவசரப்படாமல் சமையும் என்றார். முந்தியென்றால் இந்நேரம் வீடு இரண்டுபட்டிருக்கும். அவர்கள் வந்து, சிலிண்டரை மேலே ஏற்றிப் பூட்ட ஒரு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. கரண்டும் இல்லை. மின்விசிறி நின்ற வெக்கையில் நானும் வியர்த்துக் கொட்டினேன், இவரும் கதிரையில் பேப்பரோடு வியர்த்துக்கொண்டிருந்தார். எட்டி எட்டிப் பார்த்தேன். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. என்ன பொறுமை என்று மனதுக்குள் மெச்சினேன். சோறு வெந்த பிறகும் கூப்பிடாமல், பிடிக்குமே என்று கத்தரிக்காயும் பொரித்தேன். மெஷின் அலுமாரிக்குள் இருந்தது. அதை எடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சாப்பிட வாங்கோ என்று மூன்று தரம் கூப்பிட்டேன். கண் பாதி திறந்திருந்தது, வாய் கோணியிருந்தது. வாயைத் திறந்து பல் முரசில் சீனியைத் தேய்த்தேன், கத்தினேன். கீழ் வீட்டார் கதிரையோடு தூக்கி இறக்கினார்கள். ஓட்டோவில் போகிற வழியில் சோதனைச்சாவடி. அங்கே நின்ற பொடியன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்த் தடையை இழுத்து வழி விட்டான். திட்டுவதற்குக்கூட எனக்கு அன்றைக்கு ஒருவரும் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சீனியை ஏற்றிவிட்டார்கள். சீனி சரியாகிவிட்டது, மூளைதான் கனநேரம் பட்டினி கிடந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். வருடக் கணக்காக இன்சுலின் போடுகிறவர்களின் உடம்பு ஒரு கட்டத்தில் அறிகுறி காட்டுவதை நிறுத்திவிடுமாம், உங்களில் பிழையில்லை அம்மா என்றும் சொன்னார். இருக்கலாம். உடம்பு நிறுத்தியதா, இவர் அடக்கினாரா என்று எனக்கு யார் சொல்வது?

கண் திறக்காவிட்டாலும் காது கேட்கும், கதைத்துக்கொண்டிருங்கள் என்று நேர்ஸ் பிள்ளை சிங்களத்தில் சொன்னாள். மூன்று நாள் நல்ல கதைகளாகப் பார்த்துச் சொன்னேன். நாலாம் நாள் காலையில் காதடியில் குனிந்து, இவருக்கு ஆகாததையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். ஊர்க் காணியை விற்கப் பேசிவிட்டேன் என்றேன். உங்கள் அக்கா ஒரு கஞ்சப்பிசினாறி என்றேன். பென்சன் எடுத்ததும் கனடாவுக்குப் போய் மருமகனின் வீட்டில்தான் கிடக்கப்போகிறோம் என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். நான் நிற்பாட்டவில்லை.

"இஞ்சருங்கோ, ஏதாவது ஒண்டுக்குக் கோவியுங்கோ. சீனி எண்டு நான் சொல்லமாட்டன்."

முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி சுருங்கவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. அன்றைக்குப் பின்னேரம், அந்தச் சாந்தம் மாறாமலே போய்விட்டார்.