செவலைக்கு வந்த கிறிஸ்துமஸ் பொட்டலம்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் மனை பிரித்தபோது, முதலில் வீடு கட்டிக் குடிவந்தவர்களில் சந்திரகலாவும் ஒருத்தி. கணவன் சக்கரபாணி சென்னை போகும் அரசுப் பேருந்தின் ஓட்டுநர். ஒரு நாள் வண்டியில் இருப்பார், மறுநாள் வீட்டில் தூங்குவார். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு பகல் பொழுது போகாமல், வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்க ஆரம்பித்தாள். மாவு பஞ்சு மாதிரி இருக்கும். அவளிடம் பேச்சுக் கொடுப்பதுதான் சிரமம். பால்காரர் ஊற்றிய பாலை விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொம்பை உள்ளே கொண்டுபோவாள். மகள் போனில், "நல்லா இருக்கேன்மா" என்றால், "அப்புறம் ஏன் குரல் ஒரு மாதிரி இருக்குது?" என்பாள்.

அவள் பிறவியிலேயே அப்படி இல்லை. பிறந்தது அடி அண்ணாமலையில். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வரும் முகம் தெரியாத ஆயிரம் பேர் வாசலோடு நடந்து போவார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் தண்ணீர் மொண்டு கொடுத்து வளர்ந்தவள். அவளை மாற்றியது கருப்பனுடைய சாவு. கருப்பன் அவள் குட்டியிலிருந்து வளர்த்த நாய். ஒரு காலையில் வேலி ஓரத்தில் வாயில் நுரையோடு கிடந்தது. பக்கத்தில் வாழை இலையில் கொஞ்சம் கறிச்சோறு மீதி இருந்தது. நாய் குரைக்கிறது என்று தெருவில் யாரோ விஷம் வைத்திருக்கிறார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஒரு வீட்டோடு போயிருக்கும். தெரியாததால் தெரு முழுக்க அவளுக்குப் பகையானது. மாவு வாங்க வருகிற ஒவ்வொரு முகத்தையும், இவனா, இவளா என்று பார்த்தாள். அதற்கப்புறம் வந்த நாய்தான் செவலை. அவனை அவள் கேட்டுக்கு வெளியே தனியாக விட்டதே இல்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று காலை கோலம் போட வாசலுக்கு வந்தபோது, கேட்டுக் கம்பியில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு காகிதப் பொட்டலம் தொங்கியது. மேலே, "செவலைக்கு, கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்" என்று எழுதியிருந்தது. கொடுத்தவர் பேர் இல்லை. பிரித்துப் பார்த்தாள். எலும்பு வடிவத்தில் பழுப்பு பிஸ்கட்டுகள். வேர்க்கடலை வாசம் வந்தது.

நாய்க்கு யாராவது கிறிஸ்துமஸ் பரிசு கொடுப்பார்களா? அதுவும் பேர் சொல்லி? கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் போன பிறகு பக்கத்துக் குடியிருப்பில் பூட்டிய வீடு ஒன்றை உடைத்திருந்தார்கள். காவல் நாய்க்கு மயக்க பிஸ்கட் போட்டுவிட்டு உள்ளே புகுந்ததாகப் பேச்சு. சக்கரபாணி இன்றைக்கு வண்டியில். அவர் வீட்டில் இல்லாத நாள் பார்த்து வந்திருக்கிறார்கள்.

செவலையைச் சங்கிலியில் கட்டினாள். பிஸ்கட்டுகளை வாளியில் கொட்டி, பிளீச்சிங் பவுடர் கரைத்து, கொல்லையில் பள்ளம் தோண்டிப் புதைத்தாள். பிறகு தெருவின் வாட்ஸ்அப் குழுவில் மூச்சு வாங்கப் பேசி அனுப்பினாள். "யார் வூட்டு வாசல்லனா சேப்பு ரிப்பன் கட்டுன பொட்டலம் இருந்தா தொடாதீங்க. நாய்க்கு மருந்து வைக்கிறானுங்க. ஒரு தபா பறிகொடுத்தவ நானு, சொல்றேன்."

அடுத்த நிமிஷம் எதிர்வீட்டிலிருந்து முன்னி பேகத்தின் அலறல் கேட்டது. அவளிடம் ஷேரு என்று ஒரு கிடா இருந்தது. பக்ரீத்துக்கு வாங்கி, அறுக்க மனசு வராமல் வீட்டுப் பிள்ளையாகிவிட்ட கிடா. ஷேருவுக்கும் பொட்டலம் வந்திருந்தது. பாவம், யாரோ ஆசையாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவள் அப்போதே பிரித்து ஊட்டிவிட்டாள். இப்போது பயந்துபோய் அதன் வாயைப் பிளந்து விளக்கெண்ணெய் ஊற்றினாள். ஷேரு அவளை முட்டித் தள்ளிவிட்டு மாடிப்படியில் ஏறி நின்றுகொண்டு கத்தியது.

பக்கத்து வீட்டு சுரேஷ்குமார் தன் வாசல் கேமராவை ஓட்டிப் பார்த்தார். மங்கி குல்லாய் போட்ட ஒரு ஆள், தோளில் ஜோல்னாப் பையோடு, பனியில் வீடு வீடாக நின்று போவது மட்டும் தெரிந்தது. முகம் தெரியவில்லை. "பிராணி வளக்கற வூடா பாத்து நிக்கறான். எல்லாம் தெரிஞ்சவன்தான்" என்றார் சுரேஷ்குமார். மதம் மாற்ற வந்தவன் என்றது ஒரு வீடு. செய்வினை என்றது இன்னொரு வீடு. சந்திரகலா எதையும் மறுக்கவில்லை.

சாயங்காலம் மாவு வாங்க பிரகாஷ் வந்தார். தெருக்கோடியில் வாடகைக்கு இருக்கும் ஆள். ஏதோ லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. மனைவி இறந்து தனியாக இருக்கிறார் என்பதற்கு மேல் யாருக்கும் அவரைப் பற்றித் தெரியாது. பாத்திரத்தை நீட்டிவிட்டு, உள்ளே கட்டிக்கிடந்த நாயை எட்டிப் பார்த்தார்.

"செவல சாப்ட்டானாம்மா?"

சந்திரகலாவின் கையிலிருந்த கரண்டி மாவுக்குள் விழுந்தது. அவர் தோளைப் பார்த்தாள். ஜோல்னாப் பை.

"நீங்கதானா?" என்று கேட்டவள், குரல் உயர்த்தி, "சுரேஷு! கொஞ்சம் வா இப்டி!" என்று கூப்பிட்டாள்.

சுரேஷ்குமார் வந்தார். முன்னி பேகமும் வந்தாள். இன்னும் நாலு பேர் கூடிவிட்டார்கள். பிரகாஷ் பாத்திரத்தைப் பிடித்தபடியே நின்றார். அன்றைக்கு லேபில் வேலை அதிகம், போனையே பார்க்கவில்லை.

"இன்னா கலந்தீங்க அதுல?" என்றார் சுரேஷ்குமார்.

"கேவுரு மாவு, வேர்க்கடல, கொஞ்சம் முட்ட. சக்கர போடல, நாய்க்கு ஆகாது."

"எதுக்குக் குடுத்தீங்க? யாரு சொல்லிக் குடுத்தீங்க?"

"எங்கம்மா." பிரகாஷ் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்க வூடு. கிறிஸ்துமஸ் அன்னிக்கு மாடு, நாய் எல்லாத்துக்கும் குடுத்துட்டுதான் எங்களுக்குக் கேக்கு. ஆண்டவரு பொறந்தது மாட்டுக் கொட்டாயிலதான, மொதல்ல பாத்தது அதுங்கதான்னு சொல்லுவாங்க. உங்களுக்கு மாட்டுப் பொங்கல் இருக்குதில்ல, அந்த மாதிரி நெனச்சிக்குங்க. அவங்க இருந்தவரைக்கும், அப்புறம் என் ஒய்ப் இருந்தவரைக்கும் செஞ்சோம். இந்த வருசம் என்னாண்ட ஒரு பிராணியும் இல்ல. அதான் தெருவுல இருக்கறதுங்களுக்கு..."

"செவல பேரு எப்புடித் தெரியும்?" என்றாள் சந்திரகலா.

"நீங்க டெய்லி கூப்புடறது தெருக்கோடி வரைக்கும் கேக்குதும்மா."

யாரோ சிரித்தார்கள். சந்திரகலா சிரிக்கவில்லை. "பேரு போடாம ஏன் வச்சீங்க? திருட்டுத்தனமா?"

"குடுத்தா, இன்னாடா இது நாய்க்குப் பரிசுன்னு கிண்டல் பண்ணுவீங்கன்னு வெக்கமா இருந்துது."

பைக்குள் கைவிட்டு மிச்சமிருந்த பிஸ்கட்டுகளில் ஒன்றை எடுத்தார். எல்லோரும் பார்க்கக் கடித்தார். நாய் பிஸ்கட்டைக் கடைசித் துணுக்கு வரை மென்று விழுங்கினார். தொண்டையில் அடைத்து இருமல் வந்தது. முன்னி பேகம் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

தண்ணீர் குடித்துவிட்டு அவர் சந்திரகலாவைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. "ஒரு வருசமா உங்க மாவுதாம்மா நான் சாப்புடறேன். ஒரு நாளாவது மோந்து பாத்து வாங்கிருக்கேனா?"

பாத்திரத்தை எடுக்காமலே நடந்து போய்விட்டார்.

முன்னி பேகம் போகும்போது சொன்னாள்: "என் கிடாவுக்கு அவரு குடுத்ததால ஒண்ணும் ஆகல சந்திரா. உன் மெசேஜாலதான் வயிறு போவுது."

கூட்டம் கலைந்த பிறகு சந்திரகலா வெகுநேரம் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை பேர் நம் கையால் அரைத்ததை வாங்கித் தின்கிறார்களே என்று அவள் இதுவரை யோசித்ததே இல்லை. யோசிக்க யோசிக்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் மனசின் ஒரு மூலை, அவர் தின்று காட்டிய பிஸ்கட் மட்டும் வேறாக இருந்திருந்தால் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது. அந்த மூலையை அவளால் அடக்க முடியவில்லை.

விளக்கு வைத்த பிறகு அவர் விட்டுப்போன பாத்திரத்தில் மாவு நிரப்பினாள். தூக்கில் இட்லியும் வடகறியும் எடுத்துக்கொண்டாள். செவலையின் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போனாள். பிரகாஷ் கதவைத் திறந்தார். உள்ளே டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"சாப்புடுங்க. நல்ல நாளு அதுவுமா பட்டினி கெடக்காதீங்க" என்றாள். மன்னிப்பு கேட்க நினைத்து வந்தவளுக்கு அதற்கு மேல் வாய் எழவில்லை. பாத்திரத்தையும் தூக்கையும் நீட்டி, "என் நாய ஒண்ண மருந்து வச்சிக் கொன்னுட்டாங்க சார். அதான்" என்றாள்.

"தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா கையில குடுத்திருப்பேன்."

உள்ளே போய் ஒரு பிஸ்கட் எடுத்து வந்து, அவளிடம் நீட்டினார். செவலையிடம் நீட்டவில்லை. அவள் வாங்கினாள். மூக்கு வரை கொண்டுபோன கையை இறக்கி, நாயின் வாயில் வைத்தாள். செவலை ஒரே கடியில் முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று அவர் காலைப் பிராண்டியது.

வீட்டுக்கு வந்து படுக்கும்வரை அவள் நாயின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது குறட்டை விட்டது. காலையில் எழுந்ததும் வாலை ஆட்டியது. அதற்குப் பிறகுதான் குழுவில் இன்னொரு செய்தி பேசினாள். "நேத்து நான் சொன்னது தப்பு. பிரகாஷ் சார் நல்ல மனுசன். பொட்டலத்த யாருனா வச்சிருந்தா அதுங்களுக்குக் குடுங்க." சுரேஷ்குமார் மட்டும் பதில் போடவில்லை.

வண்டி முடிந்து வந்த சக்கரபாணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நீ என்னிக்குத்தான் யார நம்புன?" என்று கேட்டுவிட்டு அவர் தூங்கப் போய்விட்டார். அன்று முழுக்க அவரோடு அவள் பேசவில்லை.

இப்போது காலையில் கேட்டைத் திறந்தால் செவலை நேராக ஓடுவது தெருக்கோடிக்குத்தான். பிரகாஷ் வேலைக்குக் கிளம்பும்போது அவர் கையை முகர்ந்து ஏதாவது வாங்கித் தின்றுவிட்டு வரும். சந்திரகலா துடைப்பத்தோடு வாசலில் நின்று, அவர் என்ன கொடுக்கிறார் என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். பார்ப்பதை அவள் விடவில்லை. நாயைத் திரும்பக் கூப்பிடுவதும் இல்லை.