இலவசச் சோதனை

சிராங்கூன் சாலையில் அப்பா எனக்கு நாலடி முன்னால் நடந்துகொண்டிருந்தார். அவர் தோளில் துணிப்பை, என் கையில் ரைஸ் குக்கர். தெம்பனிஸில் வாடகைக்கு இருந்த அறையைக் காலையில்தான் காலி செய்திருந்தோம். அந்த வீட்டில் அளவுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். முந்தின வாரம், "சோதனை வந்துடுச்சு" என்று வீட்டுக்காரர் ஒவ்வோர் அறையாகத் தட்டினார். அதிகாரிகள் வந்து எங்களை எண்ணிவிட்டுப் போனார்கள். அம்மா இறந்த பிறகு அது எங்களுக்கு ஐந்தாவது அறை. எனக்கு ஒன்பது வயது. மூட்டை கட்ட நன்றாகவே வரும்.

லிட்டில் இந்தியாவில் அப்பாவுக்குத் தெரிந்தவரின் கடை மாடியில் இரண்டு நாள் தங்கலாம் என்று ஏற்பாடு. அந்தத் தெருமுனையில் ஒரு கூடாரம், மேசைகள், சீருடைக்காரர்கள். பெரிய துணிப் பதாகை காற்றில் பாதி மடங்கிக் கிடந்தது. வெளியே தெரிந்த ஒரே சொல்லை நான் பெருமையாகச் சத்தம் போட்டுப் படித்தேன்: "சோதனை." அப்பா சட்டென்று சந்துக்குள் திரும்பிவிட்டார்.

மஞ்சள் பனியன் போட்ட ஒரு பெண் பின்னாலேயே ஓடி வந்தார். அரசாங்கத்தின் நலத்திட்டங்களைச் சொல்லித் தெருவில் ஆள் பிடிக்கும் தொண்டூழியர்.

"அண்ணே, இது அந்தச் சோதனை இல்ல லா. சக்கரை, பிரஷர் பாக்குறது. ஃப்ரீ."

"அவசரமா போறேம்மா."

"குக்கரோட அவசரமா? வைங்க, சோறு தீஞ்சிடாது."

அப்பா சிரித்தார், நிற்கவில்லை. வீடு மாற்றும் லாரியில் பாரம் தூக்கும் உடம்பு, அதற்கு ஒன்றும் வராது என்றார். அவர் வலது காலை இழுத்து நடப்பதை அந்த ஆன்ட்டி கவனித்துவிட்டு, என்னிடம் கேட்டார்.

"பாப்பா, அப்பாவுக்குக் கால் வலிக்குதா?"

எனக்கு ரோஷம் வந்தது. "எங்கப்பாவுக்கு வலிக்கவே வலிக்காது ஆன்ட்டி. ஷூவுல ஆணி ஏறி, ரெண்டு நாளு அதோடவே வேலைக்குப் போனாரு. அவருக்குத் தெரியவே இல்ல."

அப்பாவின் வீரத்தைச் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு. ஆன்ட்டியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. நடைபாதையிலேயே மண்டியிட்டு ஷூ கயிற்றை அவிழ்த்தார். அப்பா கூச்சத்தில் நெளிந்தார். காலுறை புண்ணோடு ஒட்டியிருந்தது. வாடை தாங்காமல் நான் தள்ளி நின்றேன். ஆன்ட்டி முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

கூடாரத்துத் தாதி அப்பாவின் விரலில் குத்திப் பார்த்து, சர்க்கரை எக்கச்சக்கம், உடனே டாக்டரிடம் போங்கள் என்றார். ஆன்ட்டி தன் மேசையை விட்டுவிட்டு எங்களோடு டாக்சியில் ஏறினார். மருத்துவமனையில் புண்ணைச் சுத்தம் செய்த டாக்டர், இன்னும் சில நாள் விட்டிருந்தால் பாதம் போயிருக்கும் என்றார். காத்திருந்த நேரத்தில் ஆன்ட்டி எங்களுக்காக விண்ணப்பங்களை நிரப்பினார். மருத்துவச் செலவுக்கு, என் பள்ளிக்கு, வாடகை வீட்டுக்கு. முகவரி கேட்டபோது அப்பா விழித்தார்.

"இப்போதைக்குக் கூடாரம்னு போடவா அண்ணே?"

பின்னாளில் உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டு நானும் பல ஊர் சுற்றியிருக்கிறேன். முன்பின் தெரியாத ஆளின் காலடியில் அப்படி மண்டியிட்ட ஒருவரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

அப்பா இனி பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் அன்றே சொல்லிவிட்டார். மறுநாள் காலை அப்பா அந்தக் கூடாரத்தில் நாள்கூலிக்குச் சேர்ந்தார். தமிழில் கூப்பிட அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒதுங்கிப் போகும் ஆண்களை எல்லாம் அழைத்தார்: "அண்ணே, ஒரு நிமிஷம் என் காலைப் பாத்துட்டுப் போங்க."

லிஃப்ட் பழுதான நாளில் குளிர்பதனப் பெட்டியை முதுகில் சுமந்து ஏறியவர் அவர். எனக்கு அவமானத்தில் அழுகை வந்தது. ஆன்ட்டிதான் அவரை அப்படிக் காட்சிக்கு வைத்துவிட்டார் என்று நினைத்து, அன்று முழுவதும் ஆன்ட்டியோடு பேசவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த இரண்டாவது நாற்காலியை அப்பாவே கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறார்.